மாரியாயிக்கு எழுதிய ஐந்து வரி

மனநலப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். நான் குணப்படுத்தியவர்களைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு அந்த வியாதி உண்டு, தொட்டதெல்லாம் துலங்கியதாகவே சொல்லிக்கொண்டிருப்போம். எனக்கும் அப்படிச் சொல்ல வரும். நிறையச் சொல்லியும் இருக்கிறேன். இன்றைக்கு அதற்கு மனம் இல்லை. நான் எழுதிய ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். மொத்தம் ஐந்து வரிதான். நல்ல தாளில், பிழையில்லாமல் தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்திய கடிதம்.

எழுபதுகளின் நடுப்பகுதி. ஈப்போவில் ஒரு மருத்துவமனையில், பழைய பொருள்கள் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து எனக்குக் கொடுத்திருந்தார்கள். உளவியல் படித்தவள் என்றால் என்ன வேலை கொடுப்பது என்று அங்கே யாருக்கும் தெரியாது. மருந்து எழுத மாட்டேன், ஊசி போட மாட்டேன், அப்புறம் எதற்குச் சம்பளம் என்று மருந்துக் கடைச் சீனர் என் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார். அதனால் எனக்கு ரோஷம் அதிகம். பெரிய மேசை ஒன்று கேட்டு வாங்கி நடுவில் போட்டு, அதற்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன்.

அந்த மேசைக்கு முன்னால்தான் மாரியாயியை அவர் மகள் செல்வி கொண்டுவந்து நிறுத்தினாள். மாரியாயிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். செமோர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டுகிறவர், கணவரை இழந்தவர். செல்வி ஈப்போவில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தாள். உட்காரச் சொன்னேன், மாரியாயி உட்காரவில்லை. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, என் மேசையின் விளிம்பைப் பார்த்தபடி நின்றார்.

"வீட்டுல நல்லாத்தான் பேசுறாங்க டாக்டரம்மா," என்றாள் செல்வி. நான் டாக்டர் இல்லை என்று திருத்துவதை அதற்குள் விட்டுவிட்டிருந்தேன். "ஆபீஸுல போயி நின்னா சத்தமே வராது. பிரஜா உரிமை இன்டர்வியூவுக்கு ரெண்டு தடவை போயிட்டோம். பேரு கேட்டாக்கூட நிக்கிறாங்க. அடுத்த மாசம் திரும்பக் கூப்பிட்டிருக்காங்க. இதுவும் போச்சுன்னா பெர்மிட்டும் போயிரும், வீடும் போயிரும்லா."

உங்களில் இளையவர்களுக்கு இதை விளக்க வேண்டும். மாரியாயி தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீட்டில், பிறந்தவர். பிறந்ததை யாரும் போய்ப் பதியவில்லை. அவருக்குப் பின் பிறந்த தம்பிக்குச் சூரப் பத்திரம் என்கிற பிறப்புச் சான்றிதழ் இருந்தது, நீல அடையாள அட்டை கிடைத்தது. அக்காவுக்குச் சிவப்பு. ஒரே லயம், ஒரே தாய், ஒரே மருத்துவச்சி, ஆனால் தம்பி இந்த நாட்டுக்காரர், அக்கா அந்நியர். சிவப்பு அட்டைக்காரர்கள் வேலை பெர்மிட் எடுத்தால்தான் தோட்டத்தில் வேலை என்று ஆகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. வேலை இருந்தால்தான் லயத்தில் வீடு. நேர்காணலில் மலாய் பேசிக் காட்டினால் நீல அட்டைக்கு வழி உண்டு. அவ்வளவு எளிய காரியம்தான், வாயைத் திறந்தால்.

நான் கேட்ட எதற்கும் மாரியாயி பதில் சொல்லவில்லை. உதடு அசையும், தொண்டை ஏறி இறங்கும், சத்தம் வராது. இதற்குப் பாடப்புத்தகத்தில் இருந்த பெயரைக் கோப்பில் எழுதினேன். சரியான பெயரைப் பிடித்துவிட்டதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம் வேறு.

மூன்றாவது முறை வந்துபோன அன்று, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு மலாய்க்கார அம்மாவின் பலகாரத் தள்ளுவண்டி அருகில் கூட்டமாக இருந்தது. அங்கே மாரியாயி நின்றார். வாழைப்பழப் பொரியல் ஆறிப்போயிருக்கிறது, இதை விற்க உனக்கு வெட்கமாக இல்லையா என்று மலாயில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவும் விடவில்லை. கடைசியில் இருவரும் சிரித்துக்கொண்டே வேறு பொட்டலம் மாற்றிக்கொண்டார்கள். என்னுடைய மலாயைவிட மாரியாயியின் மலாய் நன்றாக இருந்தது.

அப்படியானால் தொண்டையில் கோளாறு இல்லை, மொழியிலும் இல்லை, என் அறையில்தான் கோளாறு. அடுத்த முறை வந்தபோது அறைக்குள் கூப்பிடவே இல்லை. சமையலறைக்குப் பின்னால் ஒரு மரமும் நாலு படிகளும் உண்டு. படியில் நான் உட்கார்ந்தேன். கொஞ்சம் தள்ளி அவரும் உட்கார்ந்தார். அன்று அரை மணி நேரம் மழையைப் பற்றியும் மட்டமான பால் வாளிகளைப் பற்றியும் பேசினார். அடுத்த வாரம், நான் கேட்காமலே, மேசையைப் பற்றிச் சொன்னார்.

"எனக்கு அப்ப பதினஞ்சு வயசு. கோலா கங்சார் பக்கம் ஒரு தோட்டத்துல இருந்தோம். அப்பாவுக்கு ஒரே காய்ச்சல், எந்திரிக்க முடியல. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும், தோட்டத்து லோரிய குடுங்கன்னு கேக்க ஆபீஸுக்கு நான்தான் போனேன். கிராணி மேசையில எழுதிக்கிட்டே இருந்தாரு. 'கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, சும்மா கதைக்காதே'ன்னாரு. உங்க பேச்சு மாதிரியேதான் இருக்கும் அவரு பேச்சும். நான் திரும்பக் கேட்டேன். சத்தமா கேட்டுட்டேன். உள்ள இருந்த தொர வெளிய வந்துட்டாரு. மறுநாளே தோட்டத்த விட்டுப் போகச் சொல்லிட்டாங்க."

வேறு தோட்டத்துக்குப் போய் இரண்டு மாதத்தில் அப்பா இறந்திருக்கிறார். "சாவுறதுக்கு முன்னால என் கையைப் புடிச்சிக்கிட்டுச் சொன்னாரு. 'மேசைக்கு முன்னால வாயைத் தொறக்காத ஆயி. தொறந்துதான் இப்படி ஆயிட்டோம்'னு."

நான் யாழ்ப்பாணத்துக் குடும்பம். என் அப்பா கோலா கங்சார் பக்கத்துத் தோட்டங்களில் பல வருடம் கிராணியாக, அதாவது அலுவலக எழுத்தராக, இருந்தவர். எங்களிடம் அன்பானவர், வீட்டில் சத்தம் போட்டே கேட்டதில்லை. அது எந்தத் தோட்டம் என்று மாரியாயியிடம் கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. ஊர் உலகத்தில் இருக்கிற கேள்வியெல்லாம் கேட்கிற தொழில் என்னுடையது, அந்த ஒரு கேள்வி என் வாயில் வரவில்லை. அன்று வீட்டுக்குப் போய் அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று அழுதேன். அவருக்காக அழுதேனா அவரை நினைத்து வெட்கப்பட்டு அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு மும்முரமாக வேலையில் இறங்கினோம். சலவைப் பகுதியிலிருந்து ஒரு பழைய மேசையைத் தூக்கிவந்து மரத்தடியில் போட்டோம். முதலில் அதன்மேல் தேநீர்க் குவளைகள் மட்டும் இருந்தன. பிறகு கோப்புகள் வந்தன. பிறகு நான் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். கடைசியில் மலாய்க்கார வார்டு உதவியாளர் ஒருவருக்குக் கழுத்துப் பட்டி கட்டி அதிகாரியாக உட்கார வைத்தேன். அவர் ஒரேயடியாக வேடத்தில் இறங்கி, மூக்குக் கண்ணாடி இல்லாமலே அதற்கு மேலாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார். மாரியாயிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்த மூச்சிலேயே சொன்னார்: "நாமா சாயா மாரியாயி. சாயா லாஹிர் டி சினி, துவான்." என் பெயர் மாரியாயி, நான் இங்கேதான் பிறந்தேன், ஐயா. செல்வி மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நேர்காணலுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. நானும் கூட வருவதாகச் சொல்லியிருந்தேன். அறைக்குள் விட மாட்டார்கள், ஆனாலும் வாசல்வரைக்கும் வருகிறேன், பயப்படாதேங்கோ என்று சொல்லியிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் அதே நாளில் தலைமையகத்திலிருந்து ஆள்கள் வருகிறார்கள் என்று தகவல் வந்தது. என் பதவியை வைத்திருப்பதா எடுத்துவிடுவதா என்று பார்க்க வருகிறார்கள். நான் அங்கே இல்லாமல் இருக்க முடியாது என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், இல்லாமல் இருந்திருக்கலாம். பதவி போயிருந்தால் எனக்கு வேறு வேலை கிடைத்திருக்கும்.

போக முடியாததற்கு ஈடாக என்ன செய்வது? என் அப்பா வாழ்நாள் முழுக்க என்ன செய்தாரோ அதைத்தான் செய்தேன். கடிதம் எழுதினேன். கிராணி வீட்டில் வளர்ந்தவர்களுக்குக் காகிதத்தின்மேல் அப்படியொரு பக்தி. பள்ளிக்கூட இடமோ, ரயில்வே வேலையோ, நிலத் தகராறோ, எதுவானாலும் ஒரு நல்ல கடிதம் போனால் சரியாகிவிடும் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் கடிதங்களுக்கு அதிகாரிகள் பதில் எழுதினார்கள், அதனால் அந்த நம்பிக்கை பொய்த்ததே இல்லை. எல்லோருக்கும் அது அப்படி நடக்காது என்பது என் புத்தியில் ஏறவில்லை.

எனக்கு மேலிருந்த மனநல மருத்துவ நிபுணர் அதிகம் பேசாத மனிதர். வரைவைப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இது வேண்டாம். அந்த அம்மாவுக்குத்தான் பேச்சு வந்துவிட்டதே."

"ஒருவேளை அங்கே போய் நின்றுவிட்டால்?"

"நின்றால் அடுத்த முறை பார்க்கலாம். இந்தக் கடிதம் அவருக்கு முன்னாலேயே அந்த மேசைக்குப் போய்விடும். அதை யோசித்தாயா?"

அவருக்குத் தொல்லை பிடிக்காது, அதனால்தான் தட்டிக் கழிக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். மனதுக்குள் கோழை என்றும் சொன்னேன். அவர் சொன்னதைக் கேட்காமலே அந்த ஐந்து வரியைத் தட்டச்சு செய்தேன்: இவர் மனநோய்க்குச் சிகிச்சை பெற்று வருகிறார். அதிகாரிகள் முன்னிலையில் பேச இயலாதவர். பேச்சுத் தேர்விலிருந்து இவருக்கு விலக்கு அளிக்க வேண்டும். விண்ணப்பத்தைப் பரிவோடு பரிசீலிக்க வேண்டும். மேலும் விவரம் வேண்டுமென்றால் என்னைத் தொடர்புகொள்ளலாம். மென்மையான சொல் போட்டால் அலுவலகத்தில் எடுபடாது என்றுதான் மனநோய் என்று எழுதினேன். முன்கூட்டியே போய்ச் சேரட்டும் என்று தபாலில் அனுப்பிவிட்டேன். மாரியாயியிடம், "உங்களுக்கு உதவியாக ஒரு கடிதம் போயிருக்கு," என்று மட்டும் சொன்னேன். அதில் என்ன இருக்கிறது என்று வாசித்துக் காட்டவில்லை.

நேர்காணலுக்கு மறுநாள் செல்வி மட்டும் வந்தாள். "ஆகலை டாக்டரம்மா. சீக்கு குணமாயி வரச் சொல்லிட்டாங்க. பெரிய டாக்டர் கையெழுத்தோட லெட்டர் கொண்டாரணுமாம்." அவளை உள்ளே விடவில்லை, நடந்தது என்னவென்று அவளுக்குத் தெரியாது. அம்மா வீட்டில் எதுவும் சொல்லவில்லை என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. மறுபடியும் குரல் அடைத்துக்கொண்டது, என் கடிதம் இருந்ததால்தான் ஒரேயடியாக நிராகரிக்காமல் தள்ளி வைத்திருக்கிறார்கள். அப்படித்தான் புரிந்துகொண்டேன். நல்லவேளை எழுதினேன் என்றுகூட நினைத்தேன்.

குணமாகிவிட்டார் என்று எழுதித் தரும்படி நிபுணரிடம் போனேன். அவர் என்னைத் திட்டவில்லை. இல்லாத நோய் இப்போது குணமாகிவிட்டது என்று எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று கேட்டார். ஆனாலும் போட்டார். அது அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. ஒரு இடத்தில் இன்னும் ஒரு வருடம் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள், இன்னோர் இடத்தில் கோப்பையே காணோம் என்றார்கள். அதற்குள் பெர்மிட்டைப் புதுப்பிக்க முடியாது என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள். லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு தாயும் மகளும் புந்தோங்கில் ஒரு வாடகை அறைக்குப் போனார்கள். மாரியாயி அதற்குப் பிறகு என்னிடம் வரவே இல்லை.

பல வருடம் புதிதாக வந்தவர்களுக்கு இதை நான் பாடமாகச் சொல்லிக்கொடுத்தேன். சிகிச்சை பலிக்காத இடத்திலும் ஒரு கடிதம் கதவை மூடாமல் வைத்திருக்கும் என்று கரும்பலகைக்கு முன்னால் நின்று சொன்னேன். அவர்களும் எழுதிக்கொண்டார்கள். அவர்களில் யாராவது இதைப் படித்தால், அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள்.

எண்பதுகளில் ஒரு சனிக்கிழமை, புந்தோங் சந்தையில் செல்வியைப் பார்த்தேன். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். அம்மாவுக்கு இனிப்பு நீர் வியாதி முற்றி ஒரு காலை எடுத்துவிட்டார்கள் என்றாள். வாங்கிய காய்கறியோடு அப்படியே அவளுடன் போனேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் மாரியாயி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. செல்வி காப்பி கலக்க உள்ளே போனாள்.

"அன்னிக்கு அங்கே குரல் அடைச்சிட்டுது, என்ன?" என்று நானாகவே பேச்செடுத்தேன். இத்தனை வருடம் கழித்து ஆறுதல் சொல்லலாம் என்ற நினைப்பு.

மாரியாயி என்னை நிமிர்ந்து பார்த்தார். "யாரு சொன்னா? நான் பேசுனேனே."

கையிலிருந்த காய்கறிப் பையைக் கீழே வைத்தேன்.

"நல்லா நிமுந்து நின்னேன். 'நாமா சாயா மாரியாயி'ன்னு சொல்லிட்டேன். சத்தம் நல்லா வந்துச்சி, எனக்கே ஆச்சரியமா இருந்துச்சி. அடுத்ததுக்கு வாயைத் தொறக்கறேன், அந்த ஆளு கையைக் காட்டி நிறுத்திட்டாரு. அவரு முன்னால உங்க லெட்டரு இருந்துச்சி. நல்ல மனுசன்லா அவரு, கோவமே இல்ல. 'தா அபா மக்சிக், தா அபா'ன்னாரு. பரவால்லம்மா, நீ சீக்காளி, பேச வேணாம், கஷ்டப்படாதேன்னு சொல்லி ஒரு நாற்காலியும் போடச் சொன்னாரு. நாற்காலி போட்ட பின்னால என்னத்தப் பேசுறது?"

"நீங்க ஏன் என்னட்டச் சொல்லேல்லை?"

"எங்க சொல்றது? உங்க மேசைக்கு முன்னால வந்து நின்னா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு, நான் அழுவதைப் பார்த்துவிட்டு, "நீங்க நல்லதுக்குத்தான் எழுதுனீங்க. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்க. அதான்," என்றார்.

முப்பது வருடம் கழித்து மறுபடியும் ஒரு மேசைக்கு முன்னால் வாயைத் திறந்தவரின் வாயை அடைத்தது நான். அவருடைய அப்பாவையும் அந்தக் கிராணியையும் துரையையும் தாண்டி வந்தவர், கடைசியில் என் கையெழுத்தில் வந்து முட்டிக்கொண்டார். இதைச் சொல்ல வேறு நாசூக்கான வார்த்தை என்னிடம் இல்லை.

அன்றுதான் அந்தக் கேள்வியையும் கேட்டேன். கோலா கங்சார் பக்கத்தில் அது எந்தத் தோட்டம், அந்தக் கிராணியின் பெயர் என்ன? மாரியாயி என் முகத்தையே பார்த்தார். "மறந்து போச்சி," என்றார். எட்டு வயதில் தன்னோடு பால் தூக்கியவர்களின் பெயரையெல்லாம் வரிசையாகச் சொல்லக்கூடியவர் அவர். நானும் மேலே கேட்கவில்லை.

காப்பி வந்தது. குடித்து முடித்ததும், "அன்னிக்குச் சொல்லாம விட்டது இன்னும் ஞாபகம் இருக்கு," என்று சொல்லி, நாற்காலியில் நேராக உட்கார்ந்து, எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக் கணீரென்று சொன்னார்: "நாமா சாயா மாரியாயி. சாயா லாஹிர் டி சினி, துவான்." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "சரியா இருக்கா டாக்டரம்மா?"

"சரியா இருக்கு."

"அப்ப பாஸ்லா," என்று சிரித்தார்.

அடுத்த வருடம் சிவப்பு அட்டையோடே இறந்துபோனார். மரணத்தைப் பதிந்து அட்டையை ஒப்படைக்க வேண்டும், தனியாகப் போக ஒரு மாதிரியாக இருக்கிறது என்று செல்வி சொன்னாள். அன்று என் அலுவலகத்தில் கூட்டம் ஒன்று இருந்தது. நான் அங்கே போகவில்லை, செல்வியோடு போனேன்.

மேசைக்குப் பின்னால் ஒரு இளம் அதிகாரி. அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தான். இவர் யார், எங்கிருந்து வந்தவர் என்று மலாயில் கேட்டான். செல்வி அவனைப் பார்த்தாள். உதடு அசைந்தது, தொண்டை ஏறி இறங்கியது, சத்தம் வரவில்லை. அவன் என்னைப் பார்த்தான். எனக்கு எல்லாம் தெரியும், மலாயும் தெரியும், என் வாய்வரை வந்துவிட்டது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். நான் என் இரண்டு கைகளையும் கைப்பையின் மேல் இறுக்கி வைத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கடினமான வேலை அதுதான்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு செல்வி பேசினாள்.

"மாக் சாயா," என்றாள். என் அம்மா. "லாஹிர் டி சினி."

அவன் எழுதிக்கொண்டான்.